படத்தில் இல்லாத சிரை

மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். "சார், பழைய ஞாபகங்களை எழுதிக் கொடுங்க. ஹாஸ்டல், மெஸ், ஸ்போர்ட்ஸ் டே, எதுவா இருந்தாலும் சரி" என்றார். அதையெல்லாம் எழுத என் செட்டிலேயே என்னைவிட நல்ல பேனாக்காரர்கள் இருக்கிறார்கள். ஆகவே வேறொன்று எழுதுகிறேன் என்றேன். நாம் எல்லோரும் டாக்டரானது எந்த இடத்தில்? பட்டமளிப்பு விழா மேடையில் அல்ல. ஏதோ ஒரு நோயாளியின் முழங்கை மடிப்பில். முதன்முதலாக ஊசி பிடித்து, கை நடுங்கி, ரத்தம் வந்ததும் உள்ளூரப் பூரித்துப் போனோமே, அந்த இடத்தில். அதற்கு ஒரு சரித்திரம் உண்டு, அதை எழுதுகிறேன் என்றேன்.

"அதுல என்ன சார் சரித்திரம்?" என்றார் தம்பி. நியாயமான கேள்விதான். படிக்கிற காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு ஒருநாள் பெரிய விலை கொடுக்க இருந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சட்டைக் கையை மடியுங்கள்

இதைப் படிக்கும்போதே ஒரு காரியம் செய்யுங்கள். சட்டைக் கையைச் சுருட்டி, மேல் கையில் ஒரு கைக்குட்டையைக் கட்டி, முஷ்டியை நாலு தடவை மூடித் திறந்து பாருங்கள். கட்டைவிரல் பக்கமாக ஏறி வருவது கெஃபாலிக் வெயின். சுண்டுவிரல் பக்கமாக ஏறி வருவது பாசிலிக் வெயின். இவை இரண்டுக்கும் நடுவே, மடிப்பில், என்ன தெரிகிறது?

சிலர் கையில் ஒரே சிரை கெஃபாலிக்கிலிருந்து புறப்பட்டு, சரிவாக மேலேறி பாசிலிக்கில் சேரும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆங்கில 'என்' எழுத்து மாதிரி இருக்கும். மீடியன் க்யூபிடல் என்று நாம் ஒப்பித்தது அந்தக் குறுக்குச் சிரையைத்தான். வேறு சிலருக்கு முன்கையின் நடுவிலிருந்து ஒரு சிரை வந்து, மடிப்பருகே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை கெஃபாலிக்குக்கும் மற்றொன்று பாசிலிக்குக்கும் போகும். அது 'எம்'. இன்னும் சிலருக்கு இரண்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரிகிற இணைப்பே இருக்காது. சிலருக்குக் குறுக்குச் சிரை இரண்டு. சிலர் கையில் கெஃபாலிக் தன்னிடம் உள்ளதையெல்லாம் பாசிலிக்கில் கொட்டிவிட்டு, மேல் கையில் நூலாக மெலிந்து போயிருக்கும். ஒரே ஆளின் வலது கையும் இடது கையுமே ஒத்துப் போக வேண்டும் என்பதில்லை.

கருவில் கை முளைக்கிறபோது இந்தச் சிரைகள் ஒரு வலையாகத்தான் உண்டாகின்றன. பிறகு அந்த வலையில் சில இழைகள் விரிந்து பெரிதாகின்றன, மற்றவை சுருங்கி மறைகின்றன. எந்த இழை விரியும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. தமனிகளிலும் வேறுபாடு உண்டு என்றாலும், தோலடிச் சிரைகளில் இருக்கிற அளவுக்கு இல்லை.

இன்னொன்று. நம் ஊரில் நோயாளிகள் சிரை என்றும் சொல்ல மாட்டார்கள், வெயின் என்றும் சொல்ல மாட்டார்கள். நரம்பு என்பார்கள். "நரம்பே கிடைக்கலைன்னு நாலு தடவை குத்திட்டாங்க டாக்டர்." நாம் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வோம். ஆனால் அசல் நரம்பும் அங்கேதான் பக்கத்தில் ஓடுகிறது என்பதை மறந்து சிரிக்கிறோம்.

பெயர் வந்த வழி

கெஃபாலே என்றால் கிரேக்க மொழியில் தலை. கெஃபாலிக் வெயின் தலைக்குப் போகிறதா? இல்லை. தோள்வரை ஏறி, காறை எலும்புக்குக் கீழே ஆக்ஸிலரி வெயினில் சேர்ந்துவிடுகிறது. பிறகு ஏன் அந்தப் பெயர்?

கிரேக்க மருத்துவர் காலென் இதைத் தோள் சிரை என்றுதான் அழைத்தார். அரபி மருத்துவ நூல்களில் இது 'அல் கீஃபால்' ஆயிற்று. உள்பக்கச் சிரை 'அல் பாசலீக்'. நடுவில் உள்ளது 'அல் அக்ஹல்', அதாவது கருநிறமானது. 1037இல் மறைந்த இப்னு சீனாவின் 'கானூன்' நூலை 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலீடோ நகரில் ஜெரார்ட் என்பவர் லத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குப் பல நூற்றாண்டுகள் அதுவே பாடப்புத்தகம். அந்த வழியில்தான் இந்தப் பெயர்கள் லத்தீனுக்குள் நுழைந்தன. கீஃபால் என்பது வெளிப்பக்கம் என்ற பொருளுள்ள அரபிச் சொல், லத்தீன்காரர்கள் அதைத் தலை என்று தப்பாக எடுத்துக்கொண்டார்கள் என்பது ஒரு கட்சி. கிரேக்கச் சொல்தான் அரபிக்குப் போய்த் திரும்பி வந்தது என்பது இன்னொரு கட்சி. வியன்னாவின் புகழ்பெற்ற அனாட்டமி பேராசிரியர் ஹிர்ட்ல், அனாட்டமியில் புகுந்துள்ள அரபி, எபிரேயச் சொற்களைப் பற்றி 1879இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். நம் நாட்டில் யூனானி மருத்துவம் படிப்பவர்களுக்குக் கீஃபால், பாசலீக், அக்ஹல் என்ற பெயர்கள் இன்றும் பாடம்.

பெயரோடு உத்தியோகமும் சேர்ந்தே வந்தது. அந்தக் காலத்தில் சிரை என்பது ரத்தத்தைத் திறந்துவிட வேண்டிய மடை. தலையில் நோய் என்றால் கெஃபாலிக்கைக் கீறு. கல்லீரலில் நோய் என்றால் வலது கை பாசிலிக். மண்ணீரல் என்றால் இடது கை பாசிலிக். இரண்டும் கெட்டான் என்றால் நடுச்சிரை.

இது மேற்கே மட்டும் இருந்த எண்ணம் அல்ல. சுசுருத சம்ஹிதையின் சரீரஸ்தானத்தில் சிரையைக் கீறும் முறைக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. மண்ணீரல் நோய்க்கு இடது முழங்கை மூட்டின் உள்பக்கச் சிரை, கல்லீரல் நோய்க்கு வலது என்று அதுவும் சொல்கிறது. இவ்வளவு தூரம் தள்ளியிருந்தவர்கள் ஒரே மடிப்பில், ஒரே மாதிரிக் கணக்கில் வந்து நின்றிருக்கிறார்கள். கல்லீரல் வலது பக்கம், மண்ணீரல் இடது பக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும் அல்லவா? அந்தந்தப் பக்கத்துக் கையில் மடையைத் திறந்தால் சரியாகும் என்று நினைப்பது இயல்புதானே.

எந்தக் கை என்ற சண்டை

விலாவில் வலி, ஜுரம், மூச்சுத் திணறல். ப்ளூரிஸி என்று நாம் படித்தது. இதற்கு எந்தக் கையில் ரத்தம் எடுப்பது? வலி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், அதுவும் கொஞ்சமாக என்பது அரபி நூல்வழி வந்த வழக்கம். பாரிஸில் பியர் பிரிஸோ என்ற மருத்துவர், ப்ளூரிஸி பரவிய ஒரு சமயம் வலி உள்ள பக்கத்துக் கையிலேயே தாராளமாக எடுத்தார். பழைய கிரேக்கர்கள் சொன்னது இதுதான் என்றார். பெரிய ரகளையாகிவிட்டது. பாரிஸை விட்டுப் போர்ச்சுகலுக்குப் போனார். அங்கேயும் அரச வைத்தியரோடு இதே சண்டை. 1522இல் இறந்தார். அவர் எழுதிய மறுப்பு நூல் 1525இல்தான் வெளிவந்தது. லூத்தரின் மதக் கலகத்துக்குச் சமமான குற்றம் இது என்று எதிர்க்கட்சி பேசியதாகக்கூடச் சொல்வார்கள். ஒரு முழங்கைக்காக!

இந்தச் சண்டைக்குள் 1539இல் ஓர் இளைஞர் நுழைந்தார். வயது 24. பெயர் வெசாலியஸ். விலா வலிக்கு வலது முழங்கையின் உள்பக்கச் சிரையைத்தான் கீற வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதி பாசல் நகரில் அச்சிட்டார். அவர் காட்டிய காரணம் புதிது. காலெனைச் சாட்சிக்குக் கூப்பிட்டதோடு நிற்காமல், தான் அறுத்துப் பார்த்த அசைகஸ் வெயினைக் காட்டினார். விலாக்களின் ரத்தத்தை வாங்கும் அந்தச் சிரை வலது பக்கமாக மகா சிரையில் சேருகிறது, ஆகவே வலது கை. முடிவு தப்புதான். ஆனால் ஏட்டில் இருக்கிறதா என்று கேட்டவர்கள் நடுவே, உடம்பில் இருக்கிறதா என்று கேட்டார் அல்லவா, அதுதான் விஷயம். நாலு வருஷம் கழித்து, 1543இல், அவருடைய பெரும் நூலான 'ஃபாப்ரிகா' வந்தது.

ஹார்வியின் விரல்

வெசாலியஸ் பாடம் நடத்திய அதே பதுவா நகரில், பின்னால் ஃபாப்ரீஷியஸ் என்பவர் பேராசிரியராக இருந்தார். சிரைகளின் வால்வுகளைப் பற்றி 1603இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ரத்தம் எடுப்பதற்காகக் கட்டுப் போட்ட ஒரு கை, அதில் புடைத்த சிரைகள், நடுநடுவே வால்வு இருக்கும் இடங்களில் முடிச்சு முடிச்சாக வீக்கம் என்று அதில் ஒரு படம். ரத்தம் வேகமாக ஓடிக் கை கால்களில் தேங்காமல் வால்வு தடுக்கிறது என்று அவர் நினைத்தார். கையில் விடை இருந்தும் கேள்வி பிடிபடவில்லை.

அவரிடம் படித்து 1602இல் பட்டம் வாங்கிய மாணவர்தான் வில்லியம் ஹார்வி. 1628இல் ஃபிராங்ஃபர்ட்டில் அச்சான தம் நூலில் ஹார்வி அதே கைப்படத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுக்கொண்டார். குருவின் படத்தில் இல்லாத ஒன்று சீடர் படத்தில் இருந்தது. அழுத்திப் பார்க்கிற விரல்! கட்டுப் போட்ட கையில் ஒரு விரலால் சிரையை அழுத்து. இன்னொரு விரலால் ரத்தத்தை மேல்நோக்கித் தள்ளு. அடுத்த வால்வுவரை சிரை காலியாகக் கிடக்கும். மேலிருந்து கீழே தள்ளிப் பார், வராது. கீழே அழுத்திய விரலை எடு, உடனே நிரம்பும். ஆகவே ரத்தம் ஒரே திசையில், இதயத்தை நோக்கியே போகிறது. மெலிந்த, சிரை தடித்த ஆளாகப் பார்த்துச் செய்யுங்கள் என்றும் எழுதியிருக்கிறார். எல்லாக் கையும் ஒரே கை அல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது!

ரத்தம் சுற்றி வருகிறது என்று ஆனபின், எந்த மடையைத் திறந்தால் என்ன? எல்லாம் ஒரே குளத்துத் தண்ணீர். பிரிஸோவின் சண்டை அர்த்தமற்றுப் போனது. ஆனால் ரத்தம் எடுக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. இன்னும் 200 வருஷத்துக்கு மேல் நீடித்தது. 1799 டிசம்பர் 14 அன்று, தொண்டை அடைத்து மூச்சு விட முடியாமல் கிடந்த அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லிட்டருக்கும் மேல் எடுத்தார்கள். அன்றிரவே அவர் இறந்தார். 1835இல் பாரிஸில் பியர் லூயி என்ற மருத்துவர் நோயாளிகளை எண்ணிக் கணக்குப் பார்த்து, இதனால் பெரிய பலன் ஒன்றும் இல்லையே என்று எழுதினார். அதன் பிறகுதான் கை மெல்ல மெல்ல ஓய்ந்தது.

கத்தி பிடித்தவர்கள் கண்டது

பேராசிரியர்கள் எந்தச் சிரை என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். கீறுகிற வேலை நாவிதர்களுடையது. அவர்களுக்குத்தான் அந்த மடிப்பின் உண்மையான பயம் தெரியும்.

நாம் படித்ததை நினைவுபடுத்திப் பாருங்கள். குறுக்குச் சிரைக்கு அடியில் பைசெப்ஸ் தசையிலிருந்து வருகிற ஒரு மெல்லிய நார்ப்பட்டை. அதற்கு அடியில் ப்ரேக்கியல் தமனி, அதன் உள்பக்கம் மீடியன் நரம்பு. கத்தி சற்று ஆழமாகப் போனாலும் தமனிக்குப் போகவிடாமல் அந்தப் பட்டைதான் காப்பாற்றும். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'கடவுள் கிருபை'. எத்தனை கைகள் நடுங்கியிருந்தால் இப்படி ஒரு பெயர் வந்திருக்கும்!

கிருபை எப்போதும் கிடைக்கவில்லை. பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் சார்லஸுக்கு ஜுரம் கண்டபோது ரத்தம் எடுத்தவர் நரம்பில் குத்திவிட்டார். மன்னருக்குப் பொறுக்க முடியாத வலி. மூன்று மாதத்துக்கு மேல் கையை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. வைத்தியம் செய்த ஆம்ப்ரோய்ஸ் பாரே இதை எழுதி வைத்திருக்கிறார். 1757இல் லண்டனில் வில்லியம் ஹன்டர் வேறொரு விபத்தை விளக்கினார். கத்தி சிரையைத் துளைத்து அடியில் உள்ள தமனியையும் துளைத்து, இரண்டுக்கும் நடுவே நிரந்தரமாக ஒரு வழி உண்டாகிவிடுகிறது. சிரை புடைத்துத் துடிக்கிறது, கை வைத்தால் அதிர்கிறது. இதைத்தான் நாம் ஆர்ட்டீரியோவீனஸ் ஃபிஸ்டுலா என்று படித்தோம்.

இந்தக் கதையின் மறுபாதி நமக்குத் தெரியும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் சிமினோ, பிரெஸியா முதலானோர் 1960களில் இதே கோளாறை மணிக்கட்டில் வேண்டுமென்றே உண்டாக்கினார்கள். டயாலிசிஸுக்கு. ஹன்டர் காலத்து விபத்து, லட்சக்கணக்கான சிறுநீரக நோயாளிகளுக்கு உயிர்வழி ஆயிற்று.

திசை மாறியது

எடுப்பதற்கே பயன்பட்ட வழியில் கொடுக்கவும் முடியும் என்பதற்கு 1832ஆம் வருஷத்தைச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் காலரா. தாமஸ் லாட்டா என்ற மருத்துவர், சாகக் கிடந்த ஒரு வயதான பெண்ணின் பாசிலிக் வெயினில் குழாய் செருகி உப்புநீர் ஏற்றினார். அரை மணி நேரத்தில் ஏறத்தாழ மூன்றரை லிட்டர். குழி விழுந்த கண்ணில் ஒளி வந்தது, நாடி வந்தது. களைப்பாக இருந்ததால் அவளை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். பேதி திரும்ப வந்தது. மறுபடி ஏற்றவில்லை. சில மணி நேரத்தில் இறந்துவிட்டாள். இன்று எந்த வார்டிலும் தொங்கும் சலைன் பாட்டிலுக்கு அவள்தான் பாட்டி என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே ஊரில் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர், தன் இடது முழங்கை மடிப்புச் சிரை வழியாக 65 சென்டிமீட்டர் நீளத்துக்கு யூரிட்டரிக் கத்தீட்டரைத் தானே செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய், அது இதயத்தில் இருப்பதைப் படம் பிடித்தார். 1956இல் அவருக்கும் கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் ஆகியோருக்கும் நோபல் பரிசு. நாவிதன் கீறிய இடம் இதயத்துக்கு வாசல் ஆகிவிட்டது.

எண்ணத் தொடங்கினார்கள்

இவ்வளவுக்கும் நடுவில், எத்தனை பேருக்கு எந்த அமைப்பு என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா? வெகுகாலம் இல்லை. ஹென்றி கிரேயின் அனாட்டமி 1858இல் வெளிவந்தபோது 'எம்' அமைப்பைத்தான் விவரித்தது. நடுச்சிரை இரண்டாகப் பிரிந்து மீடியன் கெஃபாலிக், மீடியன் பாசிலிக் ஆகும் என்றது. அதன் படங்களை வரைந்த வான்டைக் கார்ட்டர் அதே வருஷம் பம்பாய்க்கு வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் நம் நாட்டு மாணவர்களுக்கே பாடம் சொன்னார். யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1872இல் வெளியிட்ட 'மனுஷ அங்காதிபாதம்' என்ற தமிழ் நூலும் கிரேயை அடிப்படையாகக் கொண்டதுதான். பிற்காலப் பதிப்புகளும் பிற நூல்களும் குறுக்குச் சிரையை, அதாவது 'என்' அமைப்பை, முன்னால் கொண்டு வந்தன. தாத்தா படித்தது எம், பேரன் படித்தது என். கை மாறவில்லை, புத்தகம் மாறிவிட்டது.

இறந்த உடலில் இதை எண்ணுவதும் கஷ்டம். கேடவரில் இந்தச் சிரைகள் வற்றிச் சுருங்கிக் கிடக்கும். முதல் வருஷ மாணவன் தோலை உரிக்கும்போது அதோடு சேர்த்துச் சிரையையும் உரித்துப் போட்டுவிடுவான். நான் அப்படித்தான் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால்தான் மெல்பர்ன் பேராசிரியர் பெர்ரியும் நியூட்டன் என்பவரும் உயிரோடு இருந்த 300 பேரின் கைகளைக் கட்டுப் போட்டுப் பார்த்து 1908இல் எழுதினார்கள். பிறகு ஜப்பானில், அமெரிக்காவில், நைஜீரியாவில் என்று பலர் எண்ணினார்கள். இன இனமாகப் பிரித்து, ஒவ்வொரு இனத்துக்கும் ஓர் அமைப்பு என்று தேடியவர்களும் உண்டு. ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லா அமைப்பும் இருந்தது. விகிதம்தான் கூடியது, குறைந்தது. பார்த்தவர் எதை எம் என்று கொண்டார், எதை என் என்று கொண்டார் என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறியது. நூறு வருஷக் கணக்கின் சாரம் என்ன என்று கேட்டால், எதிரே இருக்கும் கையைப் பார் என்பதுதான்.

நான் செய்யவிருந்தது

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலம். ஓர் இரவு, சீழ்க்கட்டியைக் கீறுவதற்காக இருபது வயது சொச்சத்தில் ஒரு பையனைத் தியேட்டருக்குக் கொண்டு வந்தார்கள். தயோபென்டோன் கொடுத்து மயக்க வேண்டும். அனஸ்தீஷியா மேடம் மருந்தைச் சிரிஞ்சில் எடுத்து வைத்துவிட்டு, "நீயே வெயின் எடுப்பா" என்றார். எனக்கு ஒரே பெருமை. ரப்பர் டியூபை இறுக்கிக் கட்டினேன். ரொம்பவே இறுக்கிக் கட்டினேன் என்று இப்போது தெரிகிறது. புத்தகத்தில் மீடியன் பாசிலிக் இருக்கும் இடத்தில், மடிப்பின் உள்பக்கமாக, தோலுக்கடியில் தடிப்பாக ஒன்று விரலுக்குத் தட்டுப்பட்டது. குத்தினேன். முதல் குத்திலேயே ரத்தம். டியூபை அவிழ்த்துவிட்டு மருந்துச் சிரிஞ்சை மாட்டினேன்.

"நிறுத்துப்பா!"

மேடம் என் கையைப் பிடித்துவிட்டார். சிரிஞ்சுக்குள் ரத்தம் தானாக ஏறிக்கொண்டிருந்தது, துடித்துத் துடித்து. நிறமும் நல்ல சிவப்பு. என் விரலை எடுத்து ஊசிக்கு மேலே வைத்தார். நாடி அடித்தது. அந்தப் பையனுக்கு அல்நார் தமனி மேல் கையிலேயே பிரிந்து, 'கடவுள் கிருபை'க்கு அடியில் போகாமல் மேலாக, தோலை ஒட்டி வந்திருக்கிறது. நூற்றில் சிலருக்கு அப்படி உண்டு. இறுக்கிக் கட்டிய கட்டில் துடிப்பு அடங்கிப் போனதால் எனக்குத் தெரியவில்லை. தயோபென்டோன் தமனிக்குள் போனால் படிகமாக உறைந்து, சிறு நாளங்களை அடைத்து, விரல்கள் அழுகிப் போகலாம். இந்த விபத்தைப் பற்றி 1940களிலேயே மருத்துவப் பத்திரிகைகளில் எச்சரிக்கை வந்துவிட்டது. எனக்கும் அது பாடமாக வந்ததுதான். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

"புஸ்தகத்துல இந்த இடத்துல வெயின்தானே மேடம்" என்று முனகினேன்.

"புஸ்தகத்துல இல்லைன்னா கையில இருக்கக் கூடாதா?" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. ஊசியை எடுத்துவிட்டு நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிறகு மறு கையில் அவரே வெயின் எடுத்தார். பையன் இரண்டு நாளில் வீட்டுக்குப் போனான். போகும்போது என்னைப் பார்த்து, "வரேன் டாக்டர்" என்று அந்தக் கையைத்தான் ஆட்டினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. இந்த மலரில்தான் எழுதுகிறேன்.

தம்பி தங்கைகளுக்கு

இப்போது அகச்சிவப்பு ஒளி பாய்ச்சிச் சிரையைக் காட்டும் கருவி வந்திருக்கிறது. அல்ட்ராசவுண்ட் வைத்தும் பார்க்கிறார்கள். நல்லதுதான், இருந்தால் பயன்படுத்துங்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்கு உங்களிடம் இருக்கப் போவது உங்கள் விரல்தான். ஹார்வியிடமும் அதுதான் இருந்தது.

கட்டுப் போடும் முன் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். துடிக்கிறதா என்று பாருங்கள். துடித்தால் அந்த இடம் வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற நீலக் கோட்டைவிட, விரலுக்குக் கீழே ரப்பர் மாதிரி அமுங்கி எழுவதே நம்பகமானது. மடிப்பின் நடுவில் உள்ள குறுக்குச் சிரை கிடைத்தால் அதை எடுங்கள். அடியிலிருந்து வருகிற ஓர் இணைப்புச் சிரை அதை அங்கே பிடித்து வைத்திருப்பதால் அவ்வளவாக நழுவாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் வருஷக் கையேடும் அந்தச் சிரையையே சிபாரிசு செய்தது. உள்பக்கம் போகப் போகத் தமனியும் நரம்பும் நெருங்கும். வெளிப்பக்கம் கெஃபாலிக்கை ஒட்டியும் தோல் நரம்பு ஓடுகிறது. குத்தியதும் விரல்வரை மின்சாரம் அடித்த மாதிரி இருக்கிறது என்று நோயாளி கத்தினால், "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லிக்கொண்டே தோண்டாதீர்கள். ஊசியை எடுத்துவிடுங்கள். சிறுநீரகம் பழுதாகி வருகிறவர்களுக்கு முன்கை, முழங்கைச் சிரைகளைத் தொடாமல் புறங்கையில் எடுங்கள். நாளைக்கு ஃபிஸ்டுலா போட அந்தச் சிரை வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நோயாளியைக் கேளுங்கள். "பாட்டி, எப்பவும் எந்தக் கையில கிடைக்கும்?" என்று. "இந்தக் கையில, இதோ இங்க குத்து ராசா" என்று அவளே காட்டிவிடுவாள். தன் கையைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது கிரேக்கும் தெரியாது, வெசாலியஸுக்கும் தெரியாது.

மறுகூடலில் சாப்பாட்டுப் பந்திக்கு உட்காரும்போது எல்லோரும் சட்டைக் கையை மடிப்போம் அல்லவா? அப்போது பக்கத்து இலைக்காரரின் முழங்கையைக் கொஞ்சம் பாருங்கள். எம்மா, என்னா, இரண்டும் இல்லையா என்று. என் வலது கையில் என். இடது கையில் இருப்பதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. வந்தால் காட்டுகிறேன்.